முதல் பக்கத்தில் யாருக்கு இடம்?

கோயம்புத்தூரில் பம்புசெட் விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் செலவு செய்து ஓர் இணையதளம் அமைக்கிறார். கடையின் பெயரைக் கூகுளில் தட்டினால் அவர் தளம் முதலாவதாக வந்து நிற்கிறது. அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கடையின் பெயர் தெரிந்தவர் கூகுளுக்கு எதற்குப் போகிறார்? நேரே போன் செய்துவிடுவாரே!

சூலூர்ப் பக்கம் ஒரு விவசாயி காலையில் சுவிட்சைப் போடுகிறார். மோட்டார் சத்தம் கேட்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை. கைப்பேசியை எடுத்து ‘மோட்டார் ஓடுது தண்ணி வரல’ என்று தேடுகிறார். விடைகள் வரிசையாக வருகின்றன. அதில் நம் கடை இல்லை. முதல் பக்கத்திலும் இல்லை, ஐந்தாம் பக்கத்திலும் இல்லை. பத்து மைல் தள்ளியிருக்கும், இவரைவிடச் சின்ன கடை ஒன்று முதலில் நிற்கிறது.

அந்தக் கடைக்காரர் கூகுளுக்குப் பணம் கட்டியிருப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பணம் கட்டி வாங்கும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அதன்மேல் விளம்பரம் என்று குறிப்பு இருக்கும். அதற்குக் கீழே வரும் சாதாரண வரிசையில் இடம் வாங்க எந்தக் கட்டணமும் இல்லை. அப்படியானால் அந்த வரிசையை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

தேடல் நடப்பது இணையத்தில் அல்ல

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் தேடுபொறி உலகத்தின் எல்லா இணையதளங்களுக்கும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அரை நொடியில் அது நடக்கிற காரியமும் இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் அது முன்கூட்டியே பார்த்துக் குறித்து வைத்திருக்கிறது. நம் தேடல் அந்தக் குறிப்பேட்டுக்குள் மட்டும் நடக்கிறது.

குறிப்பெடுக்கப் போகும் நிரலை ஊர்நிரல் என்போம். அது ஒரு பக்கத்தைத் திறக்கும், எழுத்துகளைப் படிக்கும், அந்தப் பக்கத்திலிருந்து வேறு பக்கங்களுக்குப் போகும் இணைப்புகளை எல்லாம் எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த இணைப்புகளின் வழியே அடுத்த பக்கங்களுக்குப் போகும். இப்படி இரவு பகலாக ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே எந்தப் பக்கமும் இணைப்பு தராத தளத்தை அது கண்டுபிடிப்பது கடினம். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தள வரைபடம் என்ற ஏற்பாடு வந்தது. தன் தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, உரிமையாளரே தேடுபொறியிடம் கொடுத்துவிடலாம். 2005-இல் கூகுள் இதைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே யாகூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்டன.

‘உள்ளே வராதே’ என்று சொல்லவும் வழி உண்டு. 1994-இல் மார்டைன் கோஸ்டர் என்பவர் முன்வைத்த ஏற்பாட்டின்படி, ‘ரோபோட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பைத் தளத்தின் வாசலில் வைத்தால், ஒழுங்கான ஊர்நிரல்கள் அதைப் படித்துவிட்டு, தடுத்த பகுதிக்குள் நுழையாமல் போய்விடும். தளத்தைக் கட்டும்போது இந்தத் தடையைப் போட்டுவிட்டு, திறப்பு விழாவுக்குப் பிறகு எடுக்க மறந்துபோவது உண்டு. தளம் அழகாக இருக்கும், தேடுபொறிக்கு மட்டும் தெரியாது.

சொல்லடைவு

ஊர்நிரல் கொண்டுவந்த பக்கங்களை அப்படியே அடுக்கிவைத்தால் பயனில்லை. ஆய்வு நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, ‘கரிகாலன் – 14, 87, 203’ என்று? தேடுபொறி செய்வதும் அதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று எழுதிவைக்கிறது. ‘மோட்டார்’, ‘தண்ணி’ என்ற இரண்டு சொற்களை நாம் கேட்டால், இரண்டு வரிசைகளையும் எடுத்து, இரண்டிலும் இருக்கும் பக்கங்களைப் பொறுக்கிவிடுகிறது.

எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. ‘தண்ணீர்’ கோடிக்கணக்கான பக்கங்களில் வரும். ‘ஃபுட்வால்வு’ சில பக்கங்களில்தான் வரும். குறைவான பக்கங்களில் வரும் சொல்லே ஒரு பக்கத்தைத் துல்லியமாக அடையாளம் காட்டும் என்பதை 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். வலை பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லப்பட்ட அந்தக் கருத்து தேடல் தொழில்நுட்பத்தின் அடித்தளங்களில் ஒன்றாகிவிட்டது.

நம் கடைக்காரரின் கோளாறு இப்போது தெரியத் தொடங்குகிறது. அவர் தளத்தின் முகப்பில் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’, ‘வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்’ என்று இருக்கிறது. பம்பு, மோட்டார், ஃபுட்வால்வு எல்லாம் அச்சடித்த விளம்பரத் தாளில் இருந்தன. அந்தத் தாளைப் படம் பிடித்து அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார். மனிதக் கண்ணுக்கு அது எழுத்து, சொல்லடைவைப் பொறுத்தவரை வெறும் படம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் திறன் இன்று எந்திரங்களுக்கு வந்திருக்கிறது என்றாலும், அதை நம்பித் தளம் அமைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனிக் கதை ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் நாம் தட்டச்சு செய்தோம். திரையில் தெரிந்தது தமிழ், கணினிக்குள் பதிவானது ஆங்கில எழுத்தும் குறிகளும். அப்படி ஏற்றிய கட்டுரையில் ‘தமிழ்’ என்ற சொல் நூறு முறை இருந்தாலும், ‘தமிழ்’ என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. இன்றும் பழைய எழுத்துருவில் கோத்த புத்தகங்களைப் பிடிஎஃப் ஆக ஏற்றுபவர்கள் உண்டு. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றுவதே தேடலில் இடம்பெற முதல் படி.

எண்ணிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்

ஒரு சொல் பத்தாயிரம் பக்கங்களில் இருக்கிறது. எதை முதலில் காட்டுவது? 1990-களின் நடுவில் வந்த தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களையே நம்பின. தேடிய சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்று பார்த்து வரிசைப்படுத்தின. தள உரிமையாளர்கள் சீக்கிரமே இதைப் புரிந்துகொண்டார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். வாசகர் கண்ணில் படாது, எந்திரத்தின் கணக்கில் சேரும். குப்பைப் பக்கங்கள் மேலே வந்தன.

நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அன்றைய முதல் நான்கு வணிகத் தேடுபொறிகளில், தன் சொந்தப் பெயரைத் தேடினால் முதல் பத்து விடைகளுக்குள் தன்னையே காட்டியது ஒன்றே ஒன்றுதான். 1997 நவம்பர் நிலவரம் இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆய்வு மாணவர்கள் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை எழுதினார்கள். மாணவர்களின் பெயர் செர்கே பிரின், லாரி பேஜ். கட்டுரையில் அவர்கள் விவரித்த சோதனைத் தேடுபொறியின் பெயர் கூகுள். அப்போது அதன் குறிப்பேட்டில் இருந்தவை சுமார் 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள்.

அவர்கள் கையில் எடுத்த கருவி கல்வி உலகத்தில் ஏற்கெனவே புழங்கியதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையின் மதிப்பை, அதைப் பின்வந்தவர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்து அளக்கும் வழக்கம் உண்டு. யூஜீன் கார்ஃபீல்டு 1960-களில் அமெரிக்காவில் இதற்கென்றே அட்டவணைகள் வெளியிட்டார். வலையில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுப்பதும் ஒருவகை மேற்கோள்தானே? தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது எளிது. அடுத்தவரைக் கொண்டு இணைப்பு கொடுக்கவைப்பது அவ்வளவு எளிதில்லை.

ஆனால் இணைப்புகளை எண்ணுவதோடு அவர்கள் நிறுத்தவில்லை. இணைப்பு கொடுப்பவரின் தகுதியையும் கணக்கில் எடுத்தார்கள். தகுதியுள்ள பக்கம் எது? தகுதியுள்ள பக்கங்களிடமிருந்து இணைப்பு பெற்ற பக்கம். இது சுற்றிச் சுற்றி வரும் வாதம்போலத் தோன்றும். ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

36 மதிப்பெண்

உலகத்தில் நான்கே பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். நம் கடை, ஒரு வேளாண் கல்லூரி, அனுபவக் குறிப்புகள் எழுதும் ஒரு விவசாயி, நேற்றுத் தொடங்கிய ஒரு புதுத்தளம்.

கல்லூரிப் பக்கம் நம் கடைக்கு மட்டும் இணைப்பு கொடுக்கிறது. விவசாயி கல்லூரிக்கும் கடைக்கும் கொடுக்கிறார். கடை, கல்லூரிக்கும் விவசாயிக்கும் கொடுக்கிறது. புதுத்தளம் கல்லூரிக்குக் கொடுக்கிறது. புதுத்தளத்துக்கு யாரும் கொடுக்கவில்லை.

இணைப்புகளை மட்டும் எண்ணினால் கல்லூரிக்கு 3, கடைக்கு 2, விவசாயிக்கு 1, புதுத்தளத்துக்குப் பூஜ்யம். கல்லூரிதான் முதலிடம்.

இப்போது 36 மதிப்பெண்ணை நால்வருக்கும் சமமாக, ஆளுக்கு 9 கொடுப்போம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் தம் கையிலிருப்பதை முழுதும், தாம் இணைப்பு கொடுத்தவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

முதல் சுற்றில் கல்லூரிக்கு விவசாயியிடமிருந்து நாலரை, கடையிடமிருந்து நாலரை, புதுத்தளத்திடமிருந்து 9, ஆக 18. கடைக்குக் கல்லூரியின் 9, விவசாயியின் நாலரை, ஆக பதின்மூன்றரை. விவசாயிக்குக் கடை தந்த நாலரை. புதுத்தளத்தின் கையில் ஒன்றுமில்லை. இன்னும் கல்லூரிதான் முந்தி நிற்கிறது.

இரண்டாம் சுற்றில் காட்சி மாறுகிறது. புதுத்தளத்திடம் கொடுக்க எதுவும் இல்லை, ஆகவே கல்லூரிக்கு வருவது 9 மட்டும். கடைக்குக் கல்லூரியின் 18-உம், விவசாயியின் இரண்டேகாலும் சேர்ந்து இருபதேகால். விவசாயிக்குக் கடை தந்தது ஆறேமுக்கால். இப்படியே சுற்றிக்கொண்டே போனால், ஏற்ற இறக்கம் குறைந்து எண்கள் ஓரிடத்தில் நிலைகொள்கின்றன. கடைக்கு 16, கல்லூரிக்கு 12, விவசாயிக்கு 8, புதுத்தளத்துக்குப் பூஜ்யம். சரிபார்க்க விரும்பினால் இந்த எண்களை வைத்து இன்னொரு சுற்று கொடுத்துப் பாருங்கள், மாறவே மாறாது.

மூன்று இணைப்பு பெற்ற கல்லூரியை இரண்டு இணைப்பு பெற்ற கடை முந்திவிட்டது. காரணம், மதிப்புள்ள கல்லூரி தன் மதிப்பு முழுவதையும் பிரிக்காமல் கடைக்கே கொடுத்தது. கல்லூரி பெற்ற மூன்றில் ஒன்று, வெறுங்கையராகிவிட்ட புதுத்தளம் கொடுத்தது. இணைப்பின் எண்ணிக்கையைவிட இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதே பெரிது என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்து தானாக வந்துவிடுகிறது. யாரும் தகுதியைத் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேஜும் பிரினும் இதில் ஒரு திருத்தம் செய்தார்கள். வலையில் உலாவுபவர் எப்போதும் இணைப்பையே பிடித்துக்கொண்டு போவதில்லை, சலிப்பு வந்தால் வேறெங்காவது தாவிவிடுவார். ஆகவே மதிப்பில் 85 விழுக்காடு இணைப்பு வழியே போகட்டும், மீதி 15 விழுக்காடு எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் போகட்டும் என்று வைத்தார்கள். நம் கணக்கில் புதுத்தளத்துக்கும் இதனால் 1.35 மதிப்பெண் கிடைத்துவிடும். வரிசை மட்டும் அப்படியே இருக்கும்.

1.35 வழியே நுழைந்தவர்கள்

யாரும் சீண்டாத பக்கத்துக்கும் 1.35 உண்டு என்றால், அப்படி ஆயிரம் பக்கங்களை நாமே உண்டாக்கி, எல்லாவற்றையும் நம் கடைக்கே இணைப்பு கொடுக்கவைத்தால்? சிறு துளிதான், ஆனால் ஆயிரம் துளி. இந்த யோசனை பலருக்கு வந்தது. இணைப்புப் பண்ணைகள் முளைத்தன, இணைப்பு விற்பனை ஒரு தொழிலானது.

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம், பண்டிகை விற்பனைக் காலம் முழுக்க ‘ஆடைகள்’, ‘படுக்கை விரிப்பு’ போன்ற பொதுச் சொற்களுக்குக் கூகுளில் முதலிடத்தில் இருந்தது. அதற்குக் காரணம், சம்பந்தமே இல்லாத எத்தனையோ தளங்களில் அதற்கு விதைக்கப்பட்டிருந்த இணைப்புகள். கூகுள் நடவடிக்கை எடுத்த அன்று மாலை ஏழு மணிக்கு ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தத் தளம், ஒன்பது மணிக்கு 71-ஆவது இடத்தில் கிடந்தது. இணைப்புகளைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தேடல் பணிக்கு அமர்த்தியிருந்தவர்களை நீக்கியது. அதற்கு முன், 2006-இல், எந்திரத்துக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளமே சில நாட்கள் கூகுளிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

அதே 2011-இல் ஆழமில்லாத பக்கங்களைக் கீழே தள்ளும் ‘பாண்டா’ மாற்றமும், 2012-இல் போலி இணைப்புகளைக் குறிவைத்த ‘பெங்குவின்’ மாற்றமும் வந்தன. இணைப்பு இன்றும் கணக்கில் உண்டு, ஆனால் பல அளவுகோல்களில் ஒன்றாக. சொற்கள் முதலில் நம்பகமான சான்றாக இருந்தன, போலி வந்தது, மதிப்பிழந்தன. பிறகு இணைப்புகளுக்கும் அதே கதி. எந்திரத்தால் தரத்தை நேரே பார்க்க முடியாது, தரம் விட்டுச் செல்லும் தடயங்களைத்தான் பார்க்க முடியும். தடயத்தை மட்டும் செய்பவர் ஒருநாள் பிடிபடுகிறார். தேடுபொறி உகப்பாக்கம் என்று நாம் சொல்லும், கடைத்தெருவில் எஸ்.இ.ஓ. என்று வழங்கும் கலை, உண்மையான தரத்தின் தடயத்தை எந்திரம் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

கடைக்காரர் செய்ய வேண்டியது

அவர் முதலில் தளத்தை விட்டுவிட்டுத் தன் கல்லாவுக்குத் திரும்பட்டும். நாள்தோறும் வாடிக்கையாளர் என்ன கேட்கிறார்கள்? மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. இந்தக் கேள்விக்கு அவருக்கு விடை தெரியும். ஃபுட்வால்வில் குப்பை சிக்கி, குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். அல்லது உறிஞ்சு குழாயில் காற்று புகுந்திருக்கும். அல்லது நீர்மட்டம் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய், மேலேயிருக்கும் பம்பால் உறிஞ்ச முடியாமல் போயிருக்கும். மும்முனை மின்சாரத்தில் இரண்டு ஃபேஸ் இடம் மாறி, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவதும் உண்டு. இந்த நான்கையும், ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்பதையும் ஒரு தனிப் பக்கமாக எழுதினால், விவசாயி தேடியது அதுதான்.

தலைப்பை ‘எங்கள் சேவைகள்’ என்று வைக்காமல், ‘மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: நான்கு காரணங்கள்’ என்று வைக்க வேண்டும். தேடல் வரிசையில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் தெரிவது இந்தத் தலைப்புதான். அதன்கீழ் வரும் இரண்டு வரிச் சுருக்கம் இடத்தை உயர்த்தாது, ஆனால் படிப்பவர் சொடுக்குவாரா என்பதை அது தீர்மானிக்கும். ஒரு பக்கம் ஒரு கேள்விக்கு விடை சொன்னால் போதும். மக்கள் ‘தண்ணி வரல’ என்றும் தேடுவார்கள், ‘நீர் ஏறவில்லை’ என்றும் தேடுவார்கள். பேச்சுவழக்கை இயல்பாக ஓரிரு இடங்களில் சேர்த்தால் போதும், திணிக்க வேண்டாம். தேடலின் பொருளைச் சூழலோடு புரிந்துகொள்ளும் பெர்ட் என்ற மொழி மாதிரியை 2019 இறுதியில் கூகுள் தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. ஒரே சொல்லின் எல்லா வடிவங்களையும் அடுக்கும் தேவை அதனால் குறைந்துவிட்டது. தளத்துக்குள் மறைவாகக் குறிச்சொற்களைப் பட்டியலிடும் வழக்கத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். வரிசைப்படுத்த அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

விவசாயி கையில் இருப்பது கைப்பேசி, வயலில் சிக்னல் சுமார்தான். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் நல்ல அளவு. கேமராவிலிருந்து எடுத்த கனமான படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் இந்த அளவு தாண்டிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்று விவரம் எழுத வேண்டும். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் அது உதவும், ஊர்நிரலுக்கும் உதவும்.

கடைசியாக, கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். எந்தப் பக்கங்கள் குறிப்பேட்டில் ஏறியிருக்கின்றன, எவை ஏறவில்லை, மக்கள் எந்தச் சொற்களைத் தட்டி வந்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். அடுத்து எழுத வேண்டிய பக்கம் எது என்பதையும் அந்தச் சொற்களே சொல்லிவிடும். இப்போது தேடுபொறிகள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தாமே ஒரு விடையைத் தொகுத்து மேலே காட்டத் தொடங்கியிருக்கின்றன. அந்த விடையும் இதே பக்கங்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இணைப்புகளை விலைக்கு வாங்காதீர்கள். எழுதிய பக்கம் பயனுள்ளதாக இருந்தால் விவசாயியும் கல்லூரியும் தாமாக இணைப்பு தருவார்கள். அதற்கு நாளாகும். செய்த மாற்றங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதே நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ‘ஒரே மாதத்தில் முதலிடம்’ என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணத்தையும் நேரத்தையும், வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு நல்ல விடை எழுதச் செலவிடுங்கள்.